கேளுங்கள், சொல்கிறோம்: கொலையாளி யார்?

ஹட்டன் வாசகி: சனிக்கிழமை இரவு வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பார்க்க, கொலையாளி யாரென்று கடைசிவரை பிடிபடாத தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ‘அந்த நாள்’ பாருங்கள். 1954-இல் ஏ.வி.எம். தயாரித்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்துவான் பாலசந்தரும் இவரேதான். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. இடையில் பாட்டு வந்தால் சந்தேகம் ஆறிப்போகும், பார்ப்பவர் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவார். இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் இந்தப் படம் அதற்கு இடமே கொடுக்காது.

சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினியர் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943 ஒக்டோபர் நாட்கள் அவை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்த கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பீதி அவர்களுக்குச் சட்டென்று புரியும். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று சந்தேகம் ஐந்து பேர் மேல். வாக்குமூலம் மாற மாற, அதே ஆட்கள் வேறு வேறு குணத்தோடு தெரிவார்கள். அங்கேதான் படத்தின் சாமர்த்தியம்.

ஒரு வாக்குமூலம் முடிந்ததும் படத்தை நிறுத்துங்கள். ஆளுக்கொரு துண்டில் சந்தேகப்படும் பெயரை எழுதி மடித்து வைத்துவிட்டுத் தொடருங்கள். கடைசி அரை மணித்தியாலத்தில் மட்டும் நிறுத்தவே வேண்டாம். இணையத்தில் பார்ப்பதென்றால் படத்துக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் பார்க்காதீர்கள், முடிவை யாராவது அங்கே போட்டு உடைத்திருப்பார்கள். முழுக்க வசனத்தில் நிற்கும் கதை என்பதால், தகரத்தில் மழை அடிக்கும் இரவில் போன் சத்தம் போதாது. ஸ்பீக்கர் ஒன்று வேண்டும்.

மறுவாரம் இன்னொரு தடவை பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு, முன்னே சாதாரணமாகப் போன பேச்சுகள் எல்லாம் வேறு அர்த்தத்தில் கேட்கும். இரண்டாம் தடவை சப்பென்று போகும் சஸ்பென்ஸ் படத்தை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

பண்டாரவளை வாசகர்: அது ‘ரஷோமோன்’ படத்தின் நகல் என்கிறார்களே?

பதில்: ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் உத்தி 1950-இல் வந்த அகிரா குரோசாவாவின் அந்தப் படத்தை நினைவூட்டும். ஆனால் அங்கே உண்மை எதுவென்று முடிவாகாது. இங்கே துப்பறிபவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

மஸ்கெலியா ஆசிரியை: தமிழ்த்தினத்துக்குப் பிள்ளைகள் 20 நிமிடத் துப்பறியும் நாடகம் போடுகிறார்கள். திருப்பம் எடுபடமாட்டேன் என்கிறது.

பதில்: இருபது நிமிடத்துக்குத் திருப்பம் ஒன்று போதும். இரண்டாவது வந்தால் முதலாவதன் அதிர்ச்சி செத்துவிடும். கடைசியில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து இவர்தான் குற்றவாளி என்றால் சபை ஏமாந்ததாக நினைக்கும். குற்றவாளி முதல் 3 நிமிடத்துக்குள் மேடைக்கு வந்துவிட வேண்டும்.

தடயத்தை ஒளிக்காதீர்கள், சபையின் கவனம் வேறு பக்கம் இருக்கும்போது வெளிச்சத்திலேயே காட்டுங்கள். உதாரணத்துக்கு, “நாள் முழுக்க டவுனில்தான் இருந்தேன்” என்கிறவன் கணுக்காலைச் சொறிகிறான். அந்த நேரம் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், இரண்டு பேர் தேயிலைக் கொழுந்து நிறுவையைப் பற்றிச் சண்டை பிடிக்கட்டும். அவன் வெள்ளைத் துணியால் காலைத் துடைத்துவிட்டு, சிவப்புக் கறையோடு அதைக் கொடியில் போடட்டும். சின்னக் கறை கடைசி வரிசைக்குத் தெரியாது, உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும். இது 4ஆம் நிமிடம். 9ஆம் நிமிடம், துணி அலசும் அம்மா கறை போகவில்லையென்று திட்டட்டும். சபை சிரித்துவிட்டு மறந்துவிடும்.

15ஆம் நிமிடம் துப்பறிபவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “டவுன் தார் ரோட்டில் அட்டை எப்படித் தம்பி கடித்தது?” அட்டை கடித்தால் இரத்தம் லேசில் நிற்காது என்று மலைநாட்டுச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. மிச்சம் 5 நிமிடமும் அவன் ஏன் செய்தான் என்பதற்கு.