கோலார் போனவர்கள் வீட்டுக் கேள்விகள்

சென்ற மாதம் ஒரு பதிலின் நடுவே, என் தாத்தா வேப்பனஹள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் (இன்றைய கர்நாடகத்தில்) தங்கச் சுரங்கங்கள் இருந்த கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனதை இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதையும் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா 1908 வாக்கில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தங்கவயல் போனாராம். இங்கே மூன்று ஏக்கர் கொல்லை இருந்தும் ஏன் போனார்? (வாசகி, ஊத்தங்கரை)

மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லையை நம்பி ஏழெட்டுப் பேர் சாப்பிட முடியாது அம்மா. மழை பெய்தால் கேழ்வரகு, அவரை, கொள்ளு. பொய்த்தால் கடன். 1876 முதல் 1878 வரை வந்த பெரும் பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவில் இருந்த நம் பக்கத்தையும் வாட்டியது. அதில் தப்பியவர்களின் பிள்ளைகள்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள். ஒரு வருடம் மழை இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள்.

என் தாத்தாவுக்கு அந்தக் கொல்லையும் இல்லை. பண்ணையாள். கூலியைத் தானியமாக அளப்பார்கள், வாங்கின கடன் அப்பன் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு வரும், தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. தங்கவயலில் கூலி காசாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டார். தமிழ் ஜில்லாக்களிலிருந்து அங்கே போனவர்களில் பெரும்பகுதி இப்படி ஒடுக்கப்பட்ட மக்கள்தான். அதனால் அதைப் பஞ்சம் பிழைக்கப் போன கதையாக மட்டும் நான் பார்ப்பதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் போராடிய அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலைச் சேர்ந்த மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1907ல் அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையை லைன் வீட்டு (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். எங்கள் ஊரில் என் தாத்தாவுக்கு எழுத்தைக் காட்ட யார் இருந்தார்கள்?

திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி சின்ன ரயில் 1905ல் வந்தது. பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) மாரிகுப்பத்துக்கு 1894லேயே ரயில் ஓடியது. ஆனால் தாத்தாவும் பாட்டியும் டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கக் குப்பம் வழியாக நடந்தே போனார்கள், தலையில் கேழ்வரகு மூட்டையோடு. அங்கே கிடைத்தது மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை. அந்த அறைக்கு முன்னால் ஆப்பம் சுட்டு விற்றுத்தான் பாட்டி பாதிக் குடும்பத்தை நடத்தினாள்.

கேள்வி: தாத்தா தங்கவயலிலிருந்து திரும்பி வந்து காச நோயில் இறந்தார். 'காசக்காரன் வீடு' என்று சொல்லி என் அத்தைக்கு வந்த வரன்கள் தட்டிப்போயின. சுரங்கத்தில் அவ்வளவு காசம் பரவியதா? (வாசகர், பாலக்கோடு)

ஐயா, இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தங்கவயலில் தங்கம் வெள்ளைக் கல்லில், அதாவது குவார்ட்ஸ் பாறையில், இருந்தது. அதைத் துளைத்து, துளையில் மருந்து வைத்து வெடித்து, கல்லை வெட்டி மேலே அனுப்ப வேண்டும். அப்படித் துளைக்கும்போது எழும் தூள் மாவைவிட நைஸாக இருக்கும். நாள் முழுக்க அதைச் சுவாசித்தால் நுரையீரலில் படிந்து, அந்த இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். இதுதான் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து இருபது வருடம் கழித்துத்தான் தெரிய வரும். முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கும், அப்புறம் இருமல், அப்புறம் ஆள் இளைத்து எலும்பும் தோலுமாவார். பார்க்கிறவர்களுக்குக் காசம் போலவே இருக்கும்.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. ஆனால் கெட்டுப்போன நுரையீரலில் காசக் கிருமி சுலபமாகப் புகும், அதனால் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. உங்கள் தாத்தாவுக்கு எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அந்தத் தூள்தான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கும். அதைக் குடும்பத்தின் மேல் வந்த பழியாக உங்கள் அத்தை சுமந்திருக்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

1940ல்தான் மைசூர் அரசு சிலிக்கோசிஸுக்கு நஷ்டஈடு தர விதி கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது தெரிந்தது. அதற்கு முன்பே இருமிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. என் தாத்தாவும் அப்படித் திரும்பியவர்தான். தனித் தட்டு, தனிச் சொம்பு, மாட்டுக்கொட்டகையில் படுக்கை. பாட்டி ஒருத்திதான் "இது கல்லுத்தூள், ஒட்டாது" என்று ஊரோடு சண்டை போட்டாள். எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. லைனில் அடுத்தடுத்த வீட்டு ஆண்கள் ஒரே மாதிரி இருமியதையும், அவர்களுக்குச் சோறு போட்ட பெண்கள் இருமாததையும் பார்த்தே புரிந்துகொண்டாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் அறுக்கிறவர்களும் கல்குவாரியில் துளை போடுகிறவர்களும் சுவாசிப்பது இதே வகைத் தூள்தான். தண்ணீர் ஊற்றி அறுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, தூளைத் தடுக்கும் முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். இருமலுக்கு டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் "கல் வேலை செய்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: தங்கம் தோண்டின குடும்பத்தில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லையே? (வாசகி, காவேரிப்பட்டணம்)

தோண்டியவர்கள் கண்ணில் பட்டது பெரும்பாலும் கல்தான் அம்மா. ஒரு டன் கல்லை அரைத்தால் நல்ல காலத்திலேயே சில பத்து கிராம்தான் தேறும். ஆலையில் பிரித்த தங்கம் கப்பலில் லண்டனுக்குப் போனது, மைசூர் அரசுக்கு ராயல்டி போனது. தொழிலாளிக்கு மிஞ்சியது ஷிப்டு முடிந்து மேலே வரும்போது உடம்பைத் தடவிப் பார்க்கும் சோதனை. அது போதாதென்று 1930ல் எல்லோரிடமும் கைரேகை எடுக்க முயன்றார்கள். குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தங்கவயல் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ரோஷத்தை உங்கள் வீட்டுச் சொத்தாகவே நான் நினைக்கிறேன்.

கேள்வி: தாத்தா அங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே தேடலாம்? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

கோலார் பணத்தில் இங்கே நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் தேடுங்கள். வாங்குகிறவர் இன்னார் மகன், எங்கே குடியிருக்கிறார் என்று எழுதும் வழக்கம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போடுங்கள். தர்மபுரி 1965ல்தான் தனி மாவட்டம் ஆனது, அதனால் பழைய பத்திரங்களில் 'சேலம் ஜில்லா' என்றே இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தங்கவயல் சர்ச்சுகளின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து, எந்த லைன், எந்த ஷாஃப்ட் (சுரங்கக் குழி) என்று கேட்டு எழுதி வையுங்கள்.