இன்டர்நெட்ல லிங்க் பண்ணின ஹேம் ரிப்பீட்டர் (ரேடியோ பேச்ச வாங்கி தூரத்துக்குத் திரும்ப அனுப்பற நிலையம்) பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகுது, டைம் அவுட்ட (இடைவிடாம ஓடினா அனுப்பறத நிறுத்தற டைமர்) ஏத்தினா சரியாயிடுமா?

ஏத்தாதீங்க. லோக்கல்ல பேசினா ஒழுங்கா இருந்து, வெளி நோட் (ரேடியோவ இன்டர்நெட்டோட இணைக்கற கம்ப்யூட்டர்) கனெக்ட் ஆனா மட்டும் மூணு நிமிஷத்துல கட் ஆகுதுன்னுதான் உங்க கேள்வியப் பாத்தா தோணுது. அப்படின்னா கட் ஆகற ரிப்பீட்டர நோண்டாதீங்க, அதுக்கு சத்தம் அனுப்பற பக்கத்துல பாருங்க.

இத ரெண்டு மாசம் அவஸ்தைப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். எங்க ரிப்பீட்டர் பக்கத்துல ஒரு லிங்க் ரேடியோ (ரிப்பீட்டர் அனுப்பறதக் கேட்டு நோட்டுக்குக் கொடுக்கறது), அதுல ஆல்ஸ்டார்ங்கற சாஃப்ட்வேர் ஓடற நோட். நெட் (எல்லாரும் கூடி மாத்தி மாத்திப் பேசற ரேடியோ கூட்டம்) நடக்கும்போது நாங்க யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல பேசமாட்டோம், ஆனா மறுமுனை ரிப்பீட்டர் மூணாவது நிமிஷம் டைம் அவுட் ஆகி அமைதியாயிடும். உங்க டைமர மாத்துங்கன்னு நாங்க சொல்ல, உங்க ஆளுங்க மூச்சு விடாம பேசறாங்கன்னு அவங்க சொல்ல, ஒரே சண்டை. நடுவுல ஒருத்தர் எங்க நோட்ல டோடைம்ல (டைம் அவுட் செட்டிங்) 300ன்னு போட்டுட்டார். எஸ்விஎக்ஸ்லிங்க்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல டிரான்ஸ்மிட்டர் டைம் அவுட் செகண்ட் கணக்கு, ஆல்ஸ்டார்ல மில்லிசெகண்ட், அதாவது மூணு நிமிஷம்னா 180000. அன்னைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யார் வணக்கம் சொன்னாலும் எங்களுக்கு "வ" மட்டும்தான் கேட்டுச்சு.

கடைசில ஒரு நெட் முழுக்க நோட் பக்கத்துலயே உக்காந்து யுஎஸ்பி அடாப்டர்ல இருக்கற சிஓஎஸ் லைட்டயே (லிங்க் ரேடியோவுக்கு சிக்னல் வரும்போது எரியறது) பாத்தேன். பேசறவர் பிடிடிய (பேச அமுக்கற பட்டன்) விட்டாச்சு, லைட் அணையல. எங்க ரிப்பீட்டரோட டெயில் (பேச்சு முடிஞ்ச பிறகும் அது அனுப்பிட்டே இருக்கற நேரம்) அஞ்சு செகண்ட், அந்தக் கேரியரையும் (குரல் இல்லாத வெறும் சிக்னல்) லிங்க் ரேடியோ யாரோ பேசறதா நெனச்சு உள்ள அனுப்புது. அது முடியறதுக்குள்ள அடுத்தவர் அமுக்கிடறார். பதினோரு நிமிஷம் அந்த லைட் ஒரு தடவகூட அணையல! மறுமுனைக்கு அது ஒரே ஆள் இடைவிடாம பேசற மாதிரி, அதோட டைமர் ரீசெட் ஆகவே வழியில்ல. எங்க ரிப்பீட்டர் மட்டும் ஏன் சாகலன்னா, அதோட ரிசீவர் ஒவ்வொருத்தர் விடும்போதும் மூடுது, டைமர் ரீசெட் ஆயிடுது.

சரி பண்ணினது இவ்ளோதான்: யாராவது பேசும்போது மட்டும் ரிப்பீட்டர் சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோட சேந்து போற, காதுல கேக்காத அடையாள ஒலி) அனுப்பணும், டெயில்ல டோன் இருக்கக் கூடாதுன்னு கன்ட்ரோலர்ல (ரிப்பீட்டர இயக்கற பெட்டி) மாத்தி, லிங்க் ரேடியோல டோன் ஸ்குவெல்ச்ச (அந்த டோன் வந்தா மட்டும் திறக்கற வசதி) ஆன் பண்ணினோம். டெயில் அப்படியே இருக்கு, நோட்டுக்கு அது தெரியாது.

"ஒரு செகண்ட் கேப் விட்டுப் பேசினா போதுமே"ன்னு யாராவது வருவீங்க. அஞ்சு செகண்ட் டெயிலுக்கு ஒரு செகண்ட் கேப் எப்படிப் போதும்? டைமர அரை மணி ஆக்குங்கன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு, யாரோட மைக்காவது சீட் இடுக்குல சிக்கி அமுங்கிடுச்சுன்னா லிங்க்ல இருக்கற அத்தன ரிப்பீட்டரும் அரை மணி மாட்டிக்கும்.

இன்னொண்ணு, இன்டர்நெட் லிங்க் வழியா பேசறது ரேடியோவே இல்லன்னு புதுசா வர்ற பசங்ககிட்ட சொல்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க சீனியர்ஸ். கையில ஒரு சின்ன ஹேண்ட்ஹெல்ட் மட்டும் இருக்கறவனுக்கு அதுதான் வாசல், அப்படி வந்த ரெண்டு பேர்தான் இன்னைக்கு எங்க ரிப்பீட்டர பாத்துக்கறாங்க.

உங்க மறுமுனைல லிங்க் ரேடியோதானா, இல்ல நோட் நேரா கன்ட்ரோலர்லயே சொருகியிருக்கான்னு கேட்டு கமென்ட்ல போடுங்க. நேரா இருந்தா இந்தக் கதை பொருந்தாது, சிஓஎஸ் ஒயர ரிசீவர்லேர்ந்து எடுத்திருக்காங்களான்னு பாக்கணும்.