டைல்ஸை உடைக்கும் முன் வால்வை மூடிப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் சொந்த வீடு, கட்டி 8 வருஷம் ஆகிறது. மாடியில் பாத்ரூமை ஒட்டியிருக்கும் படுக்கையறைச் சுவரில் நாலடி உயரம் வரை ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. இரண்டு தடவை சுரண்டி, புட்டி வைத்து, ஓதத்தைத் தடுக்கும் பெயின்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது. பிளம்பர் பாத்ரூம் டைல்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டு லைனையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் எதையும் உடைக்க வேண்டாம், சுவரில் துளை போட்டு கெமிக்கல் ஏற்றினால் போதும், 10 வருஷம் கேரண்டி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். தண்ணீர் எந்த லைனிலிருந்து வருகிறது என்று இருவருமே பார்க்கவில்லை, பார்க்காமலேயே விலை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சுவரில் மூன்றில் ஒன்றுதான் நடந்துகொண்டிருக்க வேண்டும்: டேங்கிலிருந்து வரும் தண்ணீர் லைன் கசிகிறது, இல்லையென்றால் குளித்த தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாகவோ நஹானி ட்ராப் (தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை) ஓரமாகவோ இறங்குகிறது, இல்லையென்றால் வெளிச்சுவர் விரிசலில் மழைத்தண்ணீர் புகுகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

முதலில் ஒரு விஷயம். அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். ஈரச் சுவரும் பழைய ஒயரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஈரமாகி மாசியில் காய்ந்தால் அது மழை. கோடையிலும் அப்படியே இருக்கிறதென்றால் பாத்ரூம் பக்கம் போகலாம். ஒரு வாரம் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்காமல் இருந்து பாருங்கள், ஆனால் லைன் வால்வைத் திறந்தே வையுங்கள். சுவர் காய ஆரம்பித்தால் பிரச்சனை குளிக்கும் தண்ணீரில். ஒரு மாற்றமும் இல்லாமல் நசநசவென்றே இருந்தால் லைனில். லைனில் ராத்திரி பகல் பாராமல் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், அதற்கு நீங்கள் குளித்தாலும் ஒன்றுதான், ஊருக்குப் போனாலும் ஒன்றுதான். குளிக்கும் தண்ணீர்தான் என்று தெரிந்தால், டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (தண்ணீர் புகாத இடுக்குப் பூச்சு) போடுவதிலும் ட்ராப் ஓரத்தைத் திரும்பக் கட்டுவதிலும் பல வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் நாலடி உயரம் என்கிறீர்கள். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் குழாயான வால் மிக்சரை வைக்கும் உயரம் கிட்டத்தட்ட அதுதான், அதனால் எனக்கு லைன் மேல்தான் சந்தேகம். அதை இப்படிப் பாருங்கள். ராத்திரி டேங்கை நிரப்பி, மோட்டாரை அணைத்து, ஃப்ளஷ் டேங்க், வாஷிங் மெஷின், ஆர்ஓ என்று எல்லாவற்றின் ஆங்கிள் காக்கையும் (சுவரில் இருக்கும் சின்ன வால்வு) மூடிவிட்டு, டேங்கின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் உருண்டை டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய பத்து லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் ராத்திரி அந்த பாத்ரூமுக்கு இறங்கும் கேட் வால்வை மட்டும் மூடிவிட்டு இதையே செய்யுங்கள். இறங்குவது நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

மட்டம் இறங்கவில்லை என்பதால் லைன் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் ராத்திரி முழுக்க இரண்டு லிட்டர் போவதே அதிகம், அது டேங்கில் இரண்டு மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. சுவரைக் கெடுக்க அந்தச் சொட்டே போதும். அதற்குத்தான் பிரஷர் டெஸ்ட். குழாய் முனைகளை எல்லாம் கழற்றி எண்ட் பிளக் போட்டு, கீஸரைத் தனியாகப் பிரித்துவிட்டு, கையால் அடிக்கும் டெஸ்டிங் பம்பை ஒரு முனையில் மாட்டி நாலைந்து கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். மொட்டை மாடி டேங்கிலிருந்து உங்கள் லைனுக்கு வரும் அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டாது, அதனால் நாலு கிலோவில் ஓட்டை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பச்சைத்தண்ணீர் லைனையும் சுடுதண்ணீர் லைனையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லுங்கள். மிக்சரைக் கழற்றாமல் அடித்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து எது இறங்குகிறது என்றே தெரியாது. இந்தப் பம்ப் இல்லாத, இருந்தும் கொண்டுவராத பிளம்பரை உங்கள் சுவர் மேல் கை வைக்கவே விடாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஏமாந்து பாத்ரூமையே இடித்த வீடுகள் உண்டு. சம்ப்பிலிருந்தோ போரிலிருந்தோ மேலே டேங்குக்கு ஏறும் மோட்டார் லைன் சில வீடுகளில் வெளியே தெரியாமல் இதே பாத்ரூம் சுவருக்குள் பதித்திருப்பார்கள். அது டேங்குக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லைன், அங்கிருந்து இறங்கும் லைன் இல்லை. அதனால் நான் மேலே சொன்ன டேங்க் கோடு சோதனையில் அது மாட்டவே மாட்டாது, பாத்ரூம் லைனில் செய்த பிரஷர் டெஸ்டும் பாஸ் ஆகும், எல்லோரும் தலையைச் சொறிவார்கள். மோட்டார் ஓடும் அரைமணி நேரம்தான் அதில் முழு அழுத்தம். நின்ற பிறகும், அடியில் இருக்கும் வால்வு தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டால் பைப்பில் நிற்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். டேங்க் நிரம்ப முன்பைவிட நேரம் ஆகிறதா, மோட்டார் போட்ட அன்றைக்குச் சுவரில் ஈரம் கூடுகிறதா, இரண்டு நாள் மோட்டார் போடாமல் டேங்க் தண்ணீரில் ஓட்டினால் குறைகிறதா என்று பாருங்கள். மொட்டை மாடிக்குப் போய் டேங்கில் வந்து சேரும் பைப் எந்தச் சுவருக்குள் இருந்து முளைக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சந்தேகம் உறுதியானால் சுவரைத் தொடவே வேண்டாம், அந்த லைனை அப்படியே கைவிட்டு வெளிச்சுவர் வழியாகப் புதிதாக ஒரு பைப் ஏற்றிவிடுங்கள், ஒரு நாள் வேலை.

இப்போது அந்த 10 வருஷம் கேரண்டிக்காரருக்கு வருகிறேன். கெமிக்கல் ஏற்றுவது கான்கிரீட் விரிசலுக்கும் தரை ஈரத்துக்கும் உள்ள முறை, அதற்கென்று பயன் உண்டு, ஆனால் அழுத்தத்தோடு ஓடும் பைப்பின் ஓட்டையை அது அடைக்காது. இங்கே அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும், ஆறு மாதம் கழித்து ஹாலில் தலைகாட்டும், அப்போது கேரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு போனால் அது வேறு சுவர் சார் என்பார்கள். இவர்களில் பலர் நேராக வேலை செய்பவர்களே இல்லை. விளம்பரத்தில் ஒரு நம்பர், அழைத்தால் 'இலவச இன்ஸ்பெக்‌ஷன்', வருகிறவர் கமிஷன் ஆள், வேலைக்கு வருகிறவர்கள் வேறு கூலியாட்கள். கேமரா கொண்டுவந்து சிவப்பும் நீலமுமாகப் படம் காட்டுவதும் உண்டு. அந்தத் தெர்மல் கேமரா சுவருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, சுவரின் மேற்பரப்புச் சூட்டை மட்டும் காட்டுகிறது. சுடுதண்ணீர் லைன் கசிந்தால் உண்மையிலேயே உதவும். பச்சைத்தண்ணீர் லைனில் ஈரமான இடம் குளிர்ச்சியாகத் தெரியும், அது ஈரம் என்று உங்களுக்கே கண்ணால் தெரிகிறதே, அதற்கு எதற்குப் பணம்?

ஓட்டை எங்கே என்று தேடும்போது நடுப் பைப்பில் தேடாதீர்கள். சுவருக்குள் பதிக்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் தானாக நடுவில் உடைவது அபூர்வம், யாராவது டவல் ராடு மாட்ட டிரில் போட்டிருந்தால் ஒழிய (சமீபத்தில் கண்ணாடியோ ஸ்டாண்டோ மாட்டினீர்களா என்று யோசியுங்கள்). கசிவது பெரும்பாலும் பிராஸ் மரை சேரும் இடத்தில்தான்: மிக்சருக்குப் பின்னால், ஆங்கிள் காக்குக்குப் பின்னால், கீஸர் பாயின்ட்டில். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி ஸ்பேனரால் முறுக்கித் தள்ளினால் பிளாஸ்டிக் அன்றைக்கு விரியாது, மூன்று நாலு வருஷம் கழித்து விரியும். அதனால் முதல் வேலை, மிக்சரின் வட்ட மூடியைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது. அங்கேயே ஈரம் தெரிந்தால் மிக்சரைக் கழற்றி மரையைத் துடைத்து டேப் மாற்றி மாட்டினால் முடிந்தது, ஒரு டைல்கூட உடையாது. இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாமல் முழு பாத்ரூமையும் உடைக்கச் சொல்வதற்குக் காரணம் என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் படுக்கையறைப் பக்கமிருந்து உடையுங்கள். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் அந்தப் பக்கமிருந்தே பைப்பை எட்டிவிடலாம். பூச்சும் பெயின்டும் எப்போதும் கிடைக்கும், 8 வருஷத்துக்கு முந்தைய டைல் கிடைக்காது. விரிந்த பைப்பை அறுத்துப் புதுத் துண்டு போட வேண்டும், மேலே எம்சீல் அப்பி மூடினால் அது ரிப்பேர் இல்லை. பைப்பில் ஐஎஸ் 15778 என்று (சிபிவிசி பைப்புக்கான இந்தியத் தர எண்) அச்சிட்டிருக்க வேண்டும், ஒட்டும் சொல்யூஷன் சிபிவிசிக்கு உரியதாக இருக்க வேண்டும், மலிவான பிவிசி சொல்யூஷனைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஒட்டும்போது பைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கக்கூடாது. ஒட்டி முடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டு, திரும்ப அதே பம்பை அடித்துக் காட்டிய பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். சாயங்காலத்துக்குள் பூசி முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போகத்தான் எல்லோரும் பறப்பார்கள், நீங்கள் மசியாதீர்கள்.

இவ்வளவு தேடலும் எதற்கு என்றால், பைப் எங்கே போகிறது என்பதற்கு உங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கரண்ட் கனெக்‌ஷன் வாங்க ஒயரிங்குக்கு லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து கேட்கிறார்கள். சுவருக்குள் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் ஓடப்போகும் பைப்புக்கு வரைபடமும் கிடையாது, டெஸ்ட் ரிப்போர்ட்டும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. பில்டர் டைல்ஸ் கலருக்கு மூன்று தடவை உங்களைக் கூப்பிடுவார், பூசுவதற்கு முன் பைப் அடித்ததைப் பார்க்க ஒரு தடவையாவது கூப்பிட்டாரா? இப்போதாவது உடைத்த இடத்தை டேப் வைத்து அளந்து போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

பைப் சரியானதும் பெயின்டருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். உப்புப் பூத்த பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டிவிட்டு, ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து, நாலரை அங்குலச் சுவரென்றால் குறைந்தது ஒரு மாதம், ஒன்பது அங்குலமென்றால் அதற்கும் மேல் காயவிடுங்கள். ஒரு அடி பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். இரண்டு நாள் கழித்து உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வேர்க்காத அன்றைக்குப் பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு புட்டியும் பெயின்டும்.