ஐரோப்பிய மொழிகளில் பாம்பின் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: லத்தீனின் 'செர்பென்ஸ்', நாம் வழங்கும் 'சர்ப்பம்' ஆகிய இரண்டின் ஒலி ஒற்றுமை தற்செயலானதா?

பதில்: தற்செயல் அன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ஊர்தலைக் குறித்த 'செர்ப்' என்னும் வேரிலிருந்து லத்தீனச் சொல்லும் சமஸ்கிருதச் சொல்லும் தனித்தனியே கிளைத்தன. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கவில்லை. பிரெஞ்சு, ஸ்பானியம், ருமேனியம் ஆகிய மொழிகள் லத்தீன் வழியாக அதைப் பெற்றன. வேல்ஸ் மொழியின் 'சார்ஃப்' லத்தீனிலிருந்து கடனாகச் சென்றது.

கேள்வி: கிரேக்கத்தில் அந்த வேர் இல்லையே, ஐயா?

பதில்: இருக்கிறது, உருமாறி இருக்கிறது. சொல்லின் முதலில் உயிரெழுத்துக்கு முன் வரும் சகரம் கிரேக்கத்தில் ஹகரமாகும். லத்தீனில் ஏழு 'செப்தெம்', கிரேக்கத்தில் 'ஹெப்தா' என்பதை ஒப்பிட்டால் இது விளங்கும். அவ்வாறே 'ஹெர்ப்பைன்' என்றால் ஊர்தல், 'ஹெர்ப்பெட்டான்' என்றால் ஊர்வன. தோலில் ஊர்ந்து படர்வதால் அக்கி போன்ற நோய்களுக்கு ஏற்பட்ட 'ஹெர்ப்பீஸ்' என்ற பெயரும் இவ்வேரினதே. ஆயினும் பாம்புக்குக் கிரேக்கர் வழங்கிய பொதுப்பெயர் 'ஓஃபிஸ்'.

கேள்வி: அந்த 'ஓஃபிஸ்' எங்கிருந்து வந்தது?

பதில்: என்னை மிகவும் ஈர்ப்பது இச்சொற்குடும்பமே. லத்தீனில் 'ஆங்குவிஸ்', லித்துவேனியத்தில் விரியனைக் குறிக்கும் 'ஆங்கிஸ்', போலந்து மொழியில் 'வொன்ஷ்', ரிக்வேதத்தில் பாம்பு வடிவ அசுரனான விருத்திரனைக் குறிக்கும் 'அஹி' ஆகியவற்றோடு 'ஓஃபிஸ்' என்பதையும் ஒரே பழம்பெயரின் வழிவந்ததாக அறிஞர் பலர் கருதுகின்றனர். விலாங்கு மீனுக்கு லத்தீனில் வழங்கும் 'ஆங்குவில்லா' என்பதும் 'ஆங்குவிஸ்' என்பதன் சிற்றுருவமாகவே தோன்றுகிறது. ஆனால் இவற்றின் ஒலிகள் விதிப்படி முற்றிலும் பொருந்துவதில்லை. அஞ்சத்தக்க உயிரின் பெயரை உள்ளபடி சொல்லத் தயங்கிய மக்கள் அதை வேண்டுமென்றே சிறிது திரித்துச் சொன்னதால் இப்பொருத்தமின்மை ஏற்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

கேள்வி: பெயரைச் சொல்ல அஞ்சினார்கள் என்பதற்கு வேறு அடையாளம் உண்டா?

பதில்: பழம்பெயரை விலக்கிவிட்டு, தன்மையைச் சொல்லும் பெயரை வைப்பதே பெரிய அடையாளம். ரஷ்ய மொழியில் பாம்பு 'ஸ்மியா'. மண்ணைக் குறிக்கும் 'ஸெம்லியா' என்னும் சொல்லோடு உறவுடைய இதன் பொருள் 'மண்ணுக்குரியது'. லித்துவேனியத்தில் 'கிவாத்தே', அதாவது 'உயிருள்ளது'. இரவில் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இவ்வழக்கத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆங்கிலத்தின் 'ஸ்நேக்' நம் 'நாகம்' தானா?

பதில்: அவ்வாறு சிலர் முன்மொழிந்துள்ளனர், அது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபன்று. ஊர்தலைக் குறிக்கும் ஜெர்மானிய வினை ஒன்றோடு 'ஸ்நேக்' உறவுடையது என்பதே உறுதியானது.

கேள்வி: 'ஆடர்' என்னும் விரியன்பெயர் முன்பு 'ந' என்னும் ஒலியில் தொடங்கியது என்பது உண்மையா?

பதில்: உண்மை. பழைய ஆங்கிலத்தில் அது 'நாத்ரே'. ஜெர்மன் மொழியின் 'நாட்டர்', வேல்ஸ் மொழியின் 'நெய்திர்', நீர்ப்பாம்பைக் குறித்த லத்தீன் 'நாட்ரிக்ஸ்' ஆகியவை அதன் உறவினச் சொற்கள். 'எ நாடர்' என்பதை 'ஆன் ஆடர்' என்று மக்கள் பிரித்துக் கேட்டதால், ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டில் சொல்லின் முதலெழுத்து, 'ஒரு' எனப் பொருள்படும் முன்னிருந்த 'எ' என்பதோடு ஒட்டிக்கொண்டது. 'நியூட்' என்னும் நீர்வாழ் உயிரின் பெயரில் இதற்கு நேர்மாறாக, 'ஆன் யூட்' என்பது 'எ நியூட்' ஆயிற்று.

கேள்வி: சுவீடனில் பாம்பை 'ஊர்ம்' என்கிறார்கள். அது ஆங்கிலத்தில் புழுவைக் குறிக்கும் 'வோர்ம்' அல்லவா?

பதில்: ஆம், ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'வ்யூர்ம்' என்பது புழு, பாம்பு, பறக்கும் பெருநாகம் அனைத்தையும் குறித்தது. ஆங்கிலத்தில் பொருள் புழுவாகச் சுருங்கியது. சுவீடனில் பாம்பாக நிலைத்தது.

கேள்வி: 'கோப்ரா' இந்தியச் சொல்லா?

பதில்: அன்று, போர்த்துக்கீசியச் சொல். லத்தீன் 'கொலுப்ரா', இரு உயிரெழுத்துகளுக்கு இடைப்பட்ட லகரத்தை இழந்து 'கோப்ரா' ஆனது; நிலவைக் குறிக்கும் 'லூனா' என்பதிலுள்ள னகரம் மறைந்து போர்த்துக்கீசியத்தில் 'லுவா' ஆனதும் இத்தகைய மறைவே. 1498இல் இந்தியக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர், படமெடுக்கும் நல்ல பாம்பை 'கோப்ரா டி கப்பெலோ', அதாவது முக்காடிட்ட பாம்பு என்று அழைத்தனர். ஆங்கிலேயர் பின்னொட்டை விட்டுவிட்டு முதற்சொல்லை மட்டும் நாகத்தின் பெயராகக் கொண்டனர். போர்த்துக்கலில் இன்றும் நஞ்சற்ற பாம்பு உட்பட எல்லாப் பாம்பும் 'கோப்ரா'தான்.