கவுன்சிலரிடம் பஸ் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் ஏரியாவுக்கு பஸ் விடச் சொல்லி கவுன்சிலரிடம் போனோம். “அது என் கையில் இல்லை” என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா? (வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: இல்லை, பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். 2011-ல் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கியபோது மடிப்பாக்கமும் உள்ளே வந்தது. ஆனால் பஸ் மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்டிசி-யிடம், வேளச்சேரி பறக்கும் ரயில் ரயில்வேயிடம், மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம், குழாய்த் தண்ணீருக்குக்கூடத் தனி வாரியம். மாநகராட்சிக்கு மிச்சம் ரோடு, குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் போன்றவை. பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் ஒன்றாக உட்கார்த்தி வைத்துப் பேசத்தான் கும்டா என்று ஒரு குழுமம். 2010-லேயே சட்டம் வந்தும் பல வருடம் காகிதத்தில் தூங்கியது. மனுவை எம்.எல்.ஏ.வுக்கும் எம்டிசி-க்கும் கொடுங்கள். கவுன்சிலரிடம் ஏரியாவின் ரோட்டையும் வடிகாலையும் கேளுங்கள், அதற்கு அவர் நழுவ முடியாது.

கேள்வி: குடிசைக்குப் பதிலாக அடுக்குமாடி வீடு கொடுத்தும் குறை சொல்கிறார்களே? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: வீட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து நிறைய குடும்பங்களை ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். காலையில் நடந்தே போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, திரும்பி வந்து பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிய ஒரு அம்மா, இப்போது அதே வேலைக்கு பஸ் பிடித்து ஊரையே குறுக்கே தாண்ட வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால். 2021 முதல் சாதாரண கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம், சரி, போகிற நேரம்? ரோடு எங்கே என்று பார்த்து வீடு கட்டுவதுபோல, வேலை எங்கே என்று பார்த்து வீட்டைக் கட்ட யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே கட்டினாலும் ஒழுங்காகக் கட்ட வேண்டும், புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசு அடுக்குமாடியில் 2021-ல் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததைப் பார்த்தோமே.

கேள்வி: பக்கத்தில் மெட்ரோ வருகிறது. வாடகை ஏறுமா? (வாசகி, போரூர்)

பதில்: ஏறும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் ஹவுஸ் ஓனரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.