இயற்கை விவசாயத்தால் மண் வளம் கூடுகிறது என்பதற்கு நீண்டகால ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பாசல் அருகே தேர்வில் என்ற ஊரில் 1978 முதல் இயற்கை முறையையும் ரசாயன முறையையும் ஒரே வயலில் பக்கம் பக்கமாகப் பயிரிட்டு ஒப்பிட்டு வருகிறார்கள். முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன.

விளைச்சல் இயற்கை முறையில் சராசரியாக 20 சதவீதம் குறைவு. இதை மறைக்கவே கூடாது. கோதுமையில் இழப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம்தான். பொட்டாஷ் பற்றாக்குறையாலும் கருகல் நோயாலும் உருளைக்கிழங்குக்குத்தான் பெரிய அடி. ஆனால் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 97 சதவீதம் குறைந்திருந்தது.

சரி, மண்? எனக்கு இதுதான் முக்கியம். மண்புழுக்களின் மொத்த எடை 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம். வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சை, வேரின் நீளத்தில் 40 சதவீதம் கூடுதலாகப் பரவியிருந்தது. புழுவின் எச்சமும் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைச் சேர்த்துப் பிடிப்பதால் மழையில் மண் எளிதில் கரைவதில்லை, தண்ணீரும் உள்ளே இறங்குகிறது.

இன்னொன்று: ரசாயன முறையிலும் ஒரு பகுதிக்குத் தொழுவுரம் போட்டார்கள். வெறும் ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்திகளும் தனியே இருந்தன. அதனால் எருவின் பங்கையும் பிரித்துப் பார்க்க முடிகிறது.