அடுப்பு தானாக அடங்குமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலை வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 38 ஏடிபி (செல் சக்தியாகச் செலவழிக்கும் மூலக்கூறு) கிடைக்கும் என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்றில் 36, வேறொன்றில் 30 அல்லது 32. எதை நம்புவது? அறிவியலுக்கே தெரியாததைப் பிள்ளைகள் ஏன் மனப்பாடம் செய்யவேண்டும்? "செல் சர்க்கரையை மெதுவாக எரிக்கிறது, அவ்வளவுதான்" என்று அவளிடம் சொல்லி முடித்துவிட்டேன். ஆழமாக மூச்சிழுத்தால் செல்லுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும் என்பதும் சரிதானே?

ம.

அன்புள்ள ம.,

மகளுக்காகப் பழைய பாடத்தை மறுபடி திறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எத்தனை பெற்றோர் செய்வார்கள்? அந்த மதிப்போடுதான் திட்டவும் போகிறேன்.

மூச்சை முதலில் முடித்துவிடுகிறேன். ஆரோக்கியமான ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் ஏறியிருக்கும். நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவீர்கள்?

"அறிவியலுக்கே தெரியாது" என்பது அநியாயம். உணவிலிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு ஒன்றுக்கு 3 ஏடிபி என்று முன்பு முழு எண்ணாகக் கணக்குப் போட்டார்கள். அளந்து பார்த்ததில் 2.5 அளவில்தான் வந்தது. 38 இறங்கி 30, 32 ஆனது அதனால்தான். தேர்வில் அவள் தன் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதட்டும்.

என்னை உறுத்தியது "மெதுவாக எரிக்கிறது, அவ்வளவுதான்" என்ற வரி. 1780களில் பிரெஞ்சு அறிஞர்கள் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, உருகிய பனியை அளந்து, சுவாசமும் ஒருவகை எரிதலே என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது மாபெரும் பாய்ச்சல். வரவு செலவு இன்றும் சரிதான்: அதே சர்க்கரை, அதே ஆக்சிஜன், கடைசியில் அதே கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் செல்லைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

மாணவனாக இருந்தபோது எலியின் ஈரலிலிருந்து, செல்லுக்குள் ஏடிபி தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்தேன். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் கலம். உள்ளே காந்தத் துண்டு சுழல, அடியிலிருந்த மின்முனை ஆக்சிஜனை அளந்தது. வரைதாளில் பேனா ஊர்ந்தது. உணவாக சக்சினேட் விட்டேன். கோடு லேசாகச் சரிந்தது, அதாவது ஆக்சிஜன் மெல்லத்தான் செலவானது. உணவு தாராளம், ஆக்சிஜனும் தாராளம். ஆனாலும் அவசரமே இல்லை. பிறகு துளியூண்டு, ஏடிபியை அல்ல, ஏடிபியாக மாறக் காத்திருக்கும் அதன் மூலப்பொருளான அடினோசின் டைபாஸ்பேட்டை விட்டேன். கோடு சட்டென்று செங்குத்தாக இறங்கியது. சற்று நேரத்தில் டைபாஸ்பேட் முழுவதும் ஏடிபியாகித் தீர்ந்ததும், யாரும் தொடாமலே கோடு வளைந்து பழைய சரிவுக்குத் திரும்பியது. "இன்னொரு சொட்டு விடு" என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியை. மறுபடியும் அதே இறக்கம், அதே வளைவு. சான்ஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1955இல் எழுதிவைத்ததுதான். ஆனாலும் என் கை நடுங்கியது.

விறகும் காற்றும் இருக்கும்போது எந்த அடுப்பம்மா தானாக அடங்கும்?

1961இல் பீட்டர் மிட்செல் என்ற உயிர்வேதியியலாளர் இதற்குக் காரணம் சொன்னார். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கும்போது புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வர முக்கிய வழி ஏடிபியைச் செய்யும் நொதியின் சக்கரம்தான். செய்வதற்கு டைபாஸ்பேட் இல்லையென்றால் சக்கரம் நிற்கும், புரோட்டான்கள் வெளியே நெருக்கும், எலக்ட்ரான்களும் தயங்கும். ஆக்சிஜன் கடைசிப் படியில் நின்று அவற்றை வாங்கித் தண்ணீராகிறது. சர்க்கரையை அது தொடுவதே இல்லை.

செல் நிஜமாகவே எரிவதும் உண்டு. டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளை 1930களில் உடல் இளைக்க மாத்திரையாக விற்றார்கள். அது புரோட்டான்களைச் சக்கரத்தின் வழியாக விடாமல் சவ்வைக் கடத்திவிடும். கட்டுப்பாடு போய், உணவெல்லாம் வெறும் வெப்பமாகும். சிலர் உடல் கொதித்தே இறந்தார்கள்.

உங்கள் மகளிடம் "எரிக்கிறது" என்று சொன்னதை இன்றைக்கே திரும்பப் பெறுங்கள். ஒரு தாளில் அந்தக் கோட்டை வரையுங்கள்: லேசான சரிவு, செங்குத்தான இறக்கம், மறுபடி லேசான சரிவு. அந்த இரண்டாவது வளைவு ஏன் வந்தது என்று அவள் யோசித்துச் சொல்லட்டும். சொன்னதை எனக்கு எழுதுங்கள்.